நெடுநாள் உறங்கிய படகு இயந்திரம்

வன்னிப் பெருநிலத்தின் கிழக்குக் கரையிலே, கொக்கிளாய், நாயாறு, முல்லைத்தீவு, சாலை என நீளும் மணற்பரப்பில், வாடைக்காற்று எழுந்து கடல் கொந்தளிக்கத் தொடங்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களிற் பல சிறு படகுகள் கரையேற்றப்படுகின்றன. படகு தென்னையடியிற் கிடக்கும். அதன் பின்புறத்தே பூட்டியிருந்த இயந்திரமோ கழற்றப்பட்டு, வீட்டுத் திண்ணையிலோ வாடியின் மூலையிலோ சாக்குப் போர்த்தியபடி சாத்திவைக்கப்படும். தை கழிந்து மாசி பிறந்து கடல் அடங்கியதும், அதே இயந்திரம் தோளிலே சுமந்து கரைக்குக் கொண்டுவரப்படுகிறது. அப்பொழுது பெரும்பாலோர் முதலிற் செய்வது என்ன? கயிற்றைப் பிடித்து இழுப்பதே. பத்து முறை, இருபது முறை, கை சலிக்கும் வரை இழுப்பர். இயந்திரம் உறுமிவிட்டால் மகிழ்ச்சி. உறுமாவிட்டால் இயந்திரத்துக்கு வசை. உண்மையிலே, மாதக்கணக்கிற் கிடந்த இயந்திரத்தைப் பொறுத்தவரையிற் கயிற்றை இழுப்பது கடைசியாகச் செய்யவேண்டிய வேலையாகும்.

கரையிலே இயங்க மறுக்கும் இயந்திரத்தால் ஒரு நாட் பிழைப்புப் போகும், அவ்வளவே. கரையில் இயங்கி, ஆறு எட்டு மைல் தொலைவுக்குக் கொண்டுசென்று, அங்கே நின்றுவிடும் இயந்திரத்தால் வருவது வேறு. முல்லைத்தீவுக்குக் கிழக்கே பரந்து கிடப்பது வங்காள விரிகுடா. மேற்கே, பூநகரி, நாச்சிக்குடாக் கரைகளுக்கு அப்பால், 1974ஆம், 1976ஆம் ஆண்டுகளின் உடன்படிக்கைகளால் வரையறுக்கப்பட்ட இந்திய இலங்கைக் கடல் எல்லை இருக்கிறது. காற்றோடு மிதந்து செல்லும் படகு அந்தக் கோட்டை அறியாது. இயந்திரம் பழுதாகித் தமிழ்நாட்டுக் கரையில் ஒதுங்கிய இலங்கை மீனவர், ஊர் திரும்ப நெடுநாள் காத்திருந்த செய்திகள் ஒன்றிரண்டல்ல. பதினெட்டடிக் கண்ணாடியிழைப் படகைத் துடுப்பால் வலித்துக் காற்றை எதிர்த்துக் கரை சேர்ப்பது, வலிய ஆண்கள் இருவருக்கும் அரிய காரியம். ஆதலால், மாசி மாதத்திற் கேட்கவேண்டிய கேள்வி இயந்திரம் இயங்குமா என்பதோடு நின்றுவிடலாகாது; போய்த் திரும்புமா என்பதையும் கேட்கவேண்டும்.

படகின் பின்பலகையிலே கவ்விப் பூட்டி, வேண்டும்போது கழற்றி எடுக்கக்கூடிய இயந்திரத்தை வெளியிணைப்பு இயந்திரம் என்பர். நோர்வேயிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய ஓலே எவின்றூட் என்பவர் 1909ஆம் ஆண்டளவில் இதனை விற்பனைக்குக் கொண்டுவந்து புகழ்பெற்றார். கோடை வெயிலில் ஏரியைத் துடுப்பாற் கடந்து ஐஸ்கிறீம் வாங்கிவந்தபோது அது வழியிலே உருகிப்போனதாம். அந்த எரிச்சலிற் பிறந்ததே இந்த இயந்திரம் என்றொரு கதை வழங்குகிறது. யப்பானின் யமஹா நிறுவனம் தனது முதல் வெளியிணைப்பு இயந்திரத்தை 1960ஆம் ஆண்டு வெளியிட்டது. இன்று வன்னிக் கரைகளிலே 8 குதிரைவலு முதல் 40 குதிரைவலு வரையிலான இயந்திரங்களைக் காணலாம். 25 குதிரைவலு இயந்திரம் ஒன்றின் எடை ஏறத்தாழ 50 கிலோகிராம். ஒரு மூடை அரிசியைச் சுமப்பவன் இதனையும் சுமந்துவிடுவான்.

வாடை மட்டுந்தான் இங்கே இயந்திரங்களை உறங்கவைத்தது என்று எண்ணலாகாது. 1990களில் எரிபொருள் வன்னிக்குள் வருவது தடைப்பட்டிருந்தது. 2002ஆம் ஆண்டின் போர்நிறுத்தத்துக்குப் பின்னரே அந்நிலை தளர்ந்தது. 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையைத் துடைத்தெடுத்தபோது, படகுகளோடு இயந்திரங்களும் மணலிலும் சேற்றிலும் புதையுண்டன. 2009ஆம் ஆண்டு போர் முள்ளிவாய்க்காலில் முடிவுற்றபோது கரையோர மக்களிற் பெரும்பாலோர் கையிலிருந்தவற்றையெல்லாம் இழந்து வவுனியாவின் மெனிக் பாம் முகாம்களில் இருந்தனர். அம்முகாம்கள் 2012ஆம் ஆண்டு செப்ரெம்பரிலேதான் மூடப்பட்டன. கிளிநொச்சி மாவட்டத்தைச் சேர்ந்த இரணைதீவு மக்கள், 1992இல் விட்டுப் பெயர்ந்த தங்கள் தீவுக்கு 2018ஆம் ஆண்டு ஏப்பிரலிற் படகுகளிலேறித் தாமே திரும்பினர். 2022இல் நாடு முழுவதும் எரிபொருள் அருகியபோது மறுபடியும் படகுகள் கரையிற் கிடந்தன. அவ்வாண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் ஒன்று 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. ஆகவே, கிடந்த இயந்திரத்தை எழுப்பும் வித்தை வன்னியில் ஆண்டுக்கொரு முறை வேண்டப்படுவது. சில வேளை ஆண்டுகள் பல கழித்தும் வேண்டப்படுவது.

கிடக்கும் இயந்திரம் ஏன் கெடுகிறது? உழைக்காதபோது தேய்வில்லையே என்று தோன்றும். தேய்வு இல்லைதான், ஆயினும் அரிப்பு உண்டு. கரைகளிற் பெருவழக்காயுள்ள ஈரடிப்பு இயந்திரத்திலே, மோட்டார்க் காரில் இருப்பது போல மசகெண்ணெய்க்கெனத் தனித் தொட்டி கிடையாது. எரிபொருளோடு கலந்து வரும் எண்ணெயே உள்ளேயுள்ள தாங்கிகளையும் பிஸ்டனையும் நனைத்துக் காக்கிறது. ஓட்டம் நின்றால் நனைப்பும் நின்றுவிடும். மெல்லிய எண்ணெய்ப் படலம் நாளடைவில் வழிந்து போக, உப்புக் கலந்த ஈரக்காற்று உருளையின் வார்ப்பிரும்புச் சுவரைத் தொடுகிறது, துரு தொடங்குகிறது. கலப்பானிலே, அதாவது கரையில் காபரேற்றர் என்று சொல்லப்படும் பகுதியிலே, எஞ்சிக் கிடக்கும் பெற்றோலின் இலேசான கூறு ஆவியாகிப் போக, மிச்சம் பிசினாகி ஊசிமுனையளவான துளைகளை அடைக்கிறது. குளிர்நீர் ஓடும் வழிகளில் நின்ற கடல்நீர் வற்றி உப்புக்கட்டியாகிறது. இறப்பர் உறுப்புகள் வளைந்த நிலையிலேயே இறுகிப்போகின்றன. இவை நான்கும் கண்ணுக்குத் தெரியாதவை. வெளியே துடைத்துப் பளபளப்பாக்கிய இயந்திரத்துள்ளும் இவை இருக்கக்கூடும்.

முதலில் அறியவேண்டுவது, இயந்திரம் எவ்வாறு வைக்கப்பட்டிருந்தது என்பதாகும். நிமிர்ந்தபடி சட்டத்தில் நின்றிருந்தால் உள்ளிருந்த நீர் கீழே வடிந்திருக்கும். படுக்கவைத்து, அதிலும் தலைப்பகுதி தாழவும் விசிறிப்பகுதி உயரவும் கிடந்திருந்தால், எஞ்சிய கடல்நீர் உருளைக்குள் இறங்கியிருக்க இடமுண்டு. கடலுள் மூழ்கி எடுக்கப்பட்ட இயந்திரமாயின் அதன் கதை முற்றிலும் வேறு. நீருக்குள் இருந்தபோது மெதுவாக நடந்த அரிப்பு, காற்றுப் பட்டதும் விரைந்து நடக்கும். அத்தகைய இயந்திரத்தை வெயிலிற் காயவைப்பது பலரும் செய்யும் பிழை. நல்ல நீராற் கழுவி, அன்றே திறந்து பார்க்க முடியாதாயின், நல்ல நீர் நிறைந்த பீப்பாயிலே அமிழ்த்தி வைத்திருப்பதே தகும். கேட்பதற்கு வேடிக்கையாயினும் இதுவே முறை.

அடுத்து, மேல்மூடியைத் திறந்து பார்த்தல். எலி கூடு கட்டியிருக்கும், வயர்களைக் கடித்திருக்கும், குளவி மண் வைத்திருக்கும். ஓலைக் கொட்டிலில் இவை புதுமையல்ல. எரிபொருட் குழாய்களை விரலால் மடித்துப் பார்த்தால் வெடிப்பு ஏதேனும் இருப்பின் தெரிந்துவிடும்.

பின்னர் பிளக்குகளைக் கழற்றவேண்டும். அவ்வாறு திறந்த துளைகள் ஒவ்வொன்றினுள்ளும் ஈரடிப்பு எண்ணெயில் ஒரு மேசைக்கரண்டியளவு விட்டு, ஓர் இரவு பொறுத்திருத்தல் நன்று. எண்ணெய் பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்களில் ஊறி, காய்ந்த சுவரை நனைக்கும். மறுநாள், பிளக் இல்லாத நிலையிலேயே, மேலுள்ள பாரச்சக்கரத்தைக் கையாற் பிடித்து, கயிறு சுழற்றும் திசையிலேயே மெல்லச் சுழற்றவேண்டும். எதிர்த்திசையிற் சுழற்றினால், கீழே நீர் இறைக்கும் சக்கரத்தின் இறப்பர் இதழ்கள் மறுபுறம் மடிந்து முறியக்கூடும். சக்கரம் இலகுவாகச் சுழன்றால் பாதிக் கவலை தீர்ந்தது. அசையாவிட்டால், துரு பிஸ்டனைப் பிடித்துக்கொண்டது என்று பொருள். அப்பொழுது துருவிளக்கும் எண்ணெயை விட்டு, இரண்டு மூன்று நாள் விட்டு வைத்து, சிறிது சிறிதாக முன்னும் பின்னும் அசைத்துப் பார்ப்பதல்லது, சுத்தியலைத் தேடலாகாது. இந்நிலையில் முன்பின் அசைப்பதால் இறப்பர் இதழுக்கு வரும் கேடு பெரிதன்று. அதனை எப்படியும் மாற்றத்தான் வேண்டும். கயிற்றை வலிந்து இழுத்து வளையத்தை முறித்தவன், நூறு ரூபா எண்ணெயாற் போகவேண்டிய காரியத்தைப் பல்லாயிரம் ரூபாச் செலவாக்கிக்கொள்கிறான்.

எரிபொருளைப் பொறுத்தவரை இரக்கம் காட்டலாகாது. கடந்த ஆண்டின் எண்ணெய் தாங்கியில் அரைவாசி கிடக்கிறது, அதனை வீணாக்குவானேன் என்ற எண்ணம், விலை உயர்ந்த காலத்தில் இயல்பானதே. ஆயினும் அந்தப் பழைய எண்ணெயின் அடியிலே நீர் தேங்கியிருக்கும். தாங்கி பகலிற் சூடேறி இரவிற் குளிரும்போதெல்லாம் ஈரக்காற்று உட்புகுந்து துளியாக மாறுகிறது. நீர் பெற்றோலினும் மண்ணெண்ணெயினும் கனமானதாதலால் அடியிற் படிகிறது. குழாயின் வாயும் அடியிலேயே இருக்கிறது. ஒரு கண்ணாடிப் போத்தலிற் சிறிது ஊற்றிச் சற்றுநேரம் வைத்துப் பார்த்தால், அடியில் முத்துப்போல் உருளும் நீரைக் கண்ணாலேயே காணலாம். ஆகவே தாங்கி, குழாய், வடிகட்டி, காபரேற்றரின் அடிக்கிண்ணம் ஆகிய அனைத்தையும் வெறுமையாக்கவேண்டும். அடிக்கிண்ணத்தைக் கழற்றி, அதனுள்ளேயுள்ள சிறு பித்தளைத் துளைகளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கவேண்டும். அடைத்த துளையைக் கம்பியாற் குத்தினால் அது பெருத்துவிடும். புதுப் பெற்றோலில் ஊறவைத்துக் காற்றால் ஊதுவதே சரி.

புதிய கலவையின் அளவுக்கு அந்தந்த இயந்திரத்தின் கைந்நூலே ஆதாரம். இன்றைய பெற்றோல் இயந்திரங்கள் பலவற்றுக்கு ஐம்பது பங்கு பெற்றோலுக்கு ஒரு பங்கு எண்ணெய், அதாவது லீற்றருக்கு 20 மில்லிலீற்றர், போதுமானது. நெடுங்காலம் கிடந்த இயந்திரத்தின் முதல் ஓட்டத்துக்கு எண்ணெயை இருமடங்காக்கினால் புகை மிகும்; பிளக்கிலே கரியும் படியும். ஆனால் காய்ந்த தாங்கிகள் பிழைத்துக்கொள்ளும்.

பிளக்கில் தீப்பொறி வருகிறதா என்பதைப் புதிய எரிபொருள் இணைக்குமுன் பார்த்துவிடுதல் பாதுகாப்பானது. கம்பித் தூரிகையாற் சுத்தம் செய்து, முனைகளின் இடைவெளியைக் கைந்நூல் கூறும் அளவுக்குச் சரிப்படுத்தி, எல்லாப் பிளக்குகளையும் அவற்றின் தொப்பிகளிற் செருகி, உலோக உடம்பு இயந்திரத்தின் உலோகத்தைத் தொடுமாறு, துளைகளுக்கு விலகிய இடத்தில் வைத்துக் கயிற்றை இழுத்தால், நீல நிறமான பொறி பளிச்சிடவேண்டும். மஞ்சளாக மங்கித் தெரிந்தால் புதுப் பிளக் வேண்டும். பொறி அறவே இல்லையாயின், மின்சுருளைப் பழிக்குமுன் ஒன்றைப் பார்க்கவேண்டும்: படகோட்டியின் மணிக்கட்டில் மாட்டும் சிவப்புக் கயிற்றின் கொக்கி, நிறுத்தும் பொத்தானிற் செருகப்பட்டிருக்கிறதா? அந்தச் சிறு கொக்கி இல்லாமையால் இயந்திரத்தையே திருத்துநரிடம் சுமந்து சென்றோர் எல்லாக் கரைகளிலும் உண்டு.

கீழ்ப்பகுதிக்கு வருவோமாயின், அங்கே பற்சக்கரங்களை நனைக்கும் கியர் ஒயில் இருக்கிறது. கீழ்த்திருகைக் கழற்றிச் சிறிது வழியவிட்டுப் பார்க்கவேண்டும். அது தேநீருக்குப் பால் விட்டதுபோல் வெண்மையாக வருமாயின், கடல்நீர் உட்புகுந்துவிட்டது. இதற்குப் பெரும்பாலும் காரணம் தங்கூசி. விசிறியின் அச்சிலே சுற்றிக்கொண்ட தங்கூசி வலைநார், கத்திபோல் அறுத்து இறப்பர் அடைப்பை ஊனப்படுத்தும். விசிறியைக் கழற்றி, நாரை அகற்றி, அடைப்பை மாற்றாமற் புது எண்ணெய் விடுவது ஓட்டைக் குடத்தில் நீர் நிறைப்பதாகும். எண்ணெய் நிரப்பும்போது கீழ்த்துளை வழியாகவே நிரப்பவேண்டும்; உள்ளிருக்கும் காற்று மேலே ஏறி, மேற்துளையால் எண்ணெய் வழியத் தொடங்கும்போது நிறைந்தது என்று அறியலாம். மேலிருந்து ஊற்றினால் காற்று அகப்பட்டு, பாதியே நிரம்பும்.

இனி, நீர் இறைக்கும் சக்கரம். இயந்திரத்தின் உயிர்நாடி எதுவெனக் கேட்டாற் பலர் பிளக் என்பர். கடலில் நின்றுபோன இயந்திரங்களைத் திறந்து பார்த்தவர் இந்தச் சிறு இறப்பர்ச் சக்கரத்தையே காட்டுவர். உள்ளங்கைக்குள் அடங்கும் இச்சக்கரம் கடல்நீரை மேலேற்றி உருளைகளைக் குளிரச் செய்கிறது. மாதக்கணக்காக ஒரே நிலையில் மடிந்து கிடந்த இதழ்கள் நிமிரமாட்டா. அப்படியும் இயந்திரம் இயங்கும்; கரையோரத்தில் மெதுவாக ஓடும்போது குறையொன்றும் தெரியாது. ஆழ்கடலிலே முழு வேகத்தில் ஓட்டும்போது வெப்பம் ஏறி, பிஸ்டன் விரிந்து, உருளையைக் கவ்விக்கொள்ளும். அத்தோடு முடிந்தது. ஒரு பருவத்துக்கு மேற் கிடந்த இயந்திரத்தில் இச்சக்கரம் நன்றாக இருப்பதுபோலத் தோன்றினும் மாற்றிவிடுவது நல்லது. இறப்பர்ச் சக்கரத்தின் விலையை ஒரு நாள் மீனோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும்.

இவ்வளவும் முடிந்தபின்னரே கயிற்றுக்கு முறை வருகிறது. விசிறியைக் கழற்றிவிட்டு, இயந்திரத்தைத் திறந்த வெளியில், நல்ல நீர் நிறைந்த பீப்பாயிலே இறக்கவேண்டும். நீரை உறிஞ்சும் வாய் நன்கு அமிழ்ந்திருத்தல் அவசியம். நீரின்றிச் சில விநாடி ஓட்டினாலும் புதுச் சக்கரம் கருகிப்போகும். தாங்கிமூடியின் காற்றுத்திருகைத் திறந்து, குழாயிலுள்ள இறப்பர்க் குமிழை அது இறுகும் வரை பிசைந்து, கியரை நடுநிலையில் வைத்து, சோக்கை இழுத்தபின், கயிற்றை முதலில் மெதுவாக, தடை தெரியும் வரை இழுக்கவேண்டும். பின்பு ஒரே வீச்சாக இழுக்கவேண்டும். நாலைந்து இழுப்பில் இயங்காவிட்டால் எரிபொருள் மிகுந்து பிளக் நனைந்திருக்கலாம். சோக்கைத் தள்ளிவிட்டு, வேகப்பிடியைத் திறந்து, சற்று ஓய்ந்து இழுத்தல் வேண்டும். இயங்கியதும் வெண்புகை எழும். உருளையில் விட்ட எண்ணெய் எரிவதே அது, அஞ்சவேண்டியதில்லை. கண் செல்லவேண்டிய இடம் வேறு. இயந்திரத்தின் பக்கத்துச் சிறு துளையிலிருந்து நீர் தாரையாகப் பீறிடுகிறதா? ஒரு நிமிடத்துள் வராவிட்டால் உடனே நிறுத்தவேண்டும். துளையின் வாயில் உப்பு அடைத்திருந்தால் மெல்லிய கம்பியால் நீக்கலாம். அதன் பின்னும் வாராதாயின் உள்வழியே அடைப்பு உண்டு.

நீர் சீராக வருமாயின், பத்து நிமிடம் மெதுவோட்டத்தில் விட்டு, பிறகு அணைத்து, மீண்டும் எழுப்பிப் பார்க்கவேண்டும். சூடேறிய நிலையில் மறுபடி இயங்க மறுக்கும் இயந்திரங்கள் உண்டு. வலையை வளைக்க நிறுத்திவிட்டு மீண்டும் இழுக்கும்போதுதான் அவை தம் குணத்தைக் காட்டும்.

மண்ணெண்ணெய் இயந்திரத்துக்கு இன்னொரு நியதி உண்டு. மண்ணெண்ணெய் குளிர்ந்த நிலையில் எளிதில் ஆவியாகாது. ஆதலால் பெற்றோலால் எழுப்பி, இயந்திரம் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். பொருளாதாரத் தடைக் காலத்தில் மோட்டார் சைக்கிளுக்குச் சிறு புட்டியிலிருந்து பெற்றோற் சொட்டு விட்டு உதைத்து, மண்ணெண்ணெயில் ஓட்டிப் பழகியவர்களுக்கு இதன் தத்துவம் சொல்லத் தேவையில்லை. பலரும் மறப்பது இதன் மறுபாதியையே. கரைக்கு வந்து அணைக்குமுன் சில நிமிடம் திரும்பவும் பெற்றோலில் ஓட்டி, காபரேற்றரிலுள்ள மண்ணெண்ணெயைத் தீர்த்துவிடவேண்டும். தவறினால், மறுநாட் காலை குளிர்ந்த இயந்திரத்துள் முதலிற் செல்வது மண்ணெண்ணெயாகவே இருக்கும்.

முதல் ஓட்டம் கடலுக்காகாமல் நந்திக்கடலிலோ நாயாற்று நீரேரியிலோ அமைவது விரும்பத்தக்கது. அரைமணி நேரம் பல வேகங்களில் ஓட்டி, கரைக்கு வந்து, பிளக்குகளை மறுபடி கழற்றிப் பார்த்தால், முனை மண்ணிறமாயிருப்பின் எரிதல் சரி. ஈரமும் கரியுமாயிருப்பின் எண்ணெய் மிகுதி அல்லது பொறி குறைவு. வெளிறிப்போயிருப்பின் வெப்பம் மிகுதி. முதற் சில நாள்கள் மற்றொரு படகின் பார்வைக்கு உட்பட்டே தொழில் செய்வது வழக்கம். துடுப்பு, நங்கூரம், நீண்ட கயிறு, குடிநீர், ஒரு மாற்றுப் பிளக், அதைக் கழற்றும் சாவி ஆகியவை படகில் இருக்கும்.

வரும் ஐப்பசியில் இயந்திரத்தை மீண்டும் கழற்றும்போது செய்யவேண்டியது சிறிதே. நல்ல நீர்ப் பீப்பாயில் பத்து நிமிடம் ஓட்டி உப்பைக் கழுவுதல். ஓடிக்கொண்டிருக்கையிலேயே எரிபொருட் குழாயைக் கழற்றி, காபரேற்றர் வற்றித் தானாக நிற்கவிடுதல். உருளைகளுள் எண்ணெய் விட்டு இரண்டு மூன்று முறை சுழற்றுதல். பழைய கியர் ஒயிலை மாற்றுதல். நிமிர்த்திச் சட்டத்தில் நிறுத்துதல். காற்றுப் புகாத பொலித்தீனை விட்டுத் துணியாலோ சாக்காலோ போர்த்துதல். மாதம் ஒரு முறை அவ்வழியே போகும்போது சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால், இறப்பர் இதழ்கள் ஒரே மடிப்பிற் கிடவாமல், மாசியில் புதிதாக வாங்கவேண்டிய உறுப்புகளில் ஒன்று குறையும்.